மரக்காணத்துப் புறா

மோதல் என்றால் தோளோடு தோள் உரசுகிற மோதல் இல்லை... பூசணிக்காய் உடைகிற மோதல்.

மரக்காணம் தாண்டி, இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெள்ளையாய் விரிந்து கிடந்த இடத்தில், அந்தப் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். கண்டக்டரும் இறங்கிப் பார்த்தார். "பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்குங்க" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஆயுத பூஜை விடுமுறைக்காகச் சென்னையிலிருந்து கீழ்புத்துப்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பூவிழி, பின்னால் திரும்பிப் பார்த்தாள். வண்டி வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள். தூறல் வந்தது.

தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். தோளில் தொங்கும் லேப்டாப் நனைந்தால்? துப்பட்டாவை உருவிப் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கண்ணுக்குத் தெரிந்த ஒரே கூரை, சாலையோரத்து உப்பள ஆபீஸ்தான். ஓடினாள். அந்த நேரம் பார்த்து, அதே வாசல் வழியாக, திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒருவன் வெளியே வந்தான்.

பூசணிக்காய் நாலு துண்டாகப் போனது. உள்ளே நிரப்பி வைத்திருந்த குங்குமம் முழுக்க அவளுடைய சந்தன நிறச் சுடிதார் மேல்.

"பாத்து வரக் கூடாதுங்களா?" என்றான் அவன்.

"நீங்க பாத்து வந்தீங்களா?"

"நான் பூசணிக்காயைப் பாத்துக்கிட்டு வந்தேன்."

"நான் மழையைப் பாத்துக்கிட்டு வந்தேன்."

நியாயம் இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் சண்டை அதற்கு மேல் நகரவில்லை. இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அவனுக்குப் பெரிய கண்கள்... தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன. ராத்திரி முழுக்க எதற்காகவோ விழித்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கென்ன வந்தது, என்று அடுத்த நொடியே தன்னைக் கடிந்துகொண்டாள். அவனோ, இவ்வளவு நனைந்தும் ஒரு பையை மட்டும் பச்சைப் பிள்ளையைப் போலக் காப்பாற்றி எடுத்துவந்திருக்கிறாளே, உள்ளே அப்படி என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"என்னா பிரபா... படைக்கிறதுக்கு முன்னாடியே சுத்திப் போட்டுட்டியா?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரியான சின்னப்பாப்பா. "வாம்மா, உள்ள வா. அவன் மூஞ்சி எப்பவும் அப்படியில்ல, இன்னிக்குத்தான் அப்படி இருக்குது."

உள்ளே சரஸ்வதி படமும் வேளாங்கண்ணி மாதா படமும் ஒரே ஆணியின் தயவில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. கீழே, கழுவித் துடைத்த நீரிறைக்கும் இன்ஜின், லாரிச் சாவி, தராசு, மண்வெட்டிகள், உப்பு வாரும் பலகைகள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில், மேசைமேல், திரையில் மூன்று பட்டை விபூதியோடு ஒரு கம்ப்யூட்டர்.

உப்பளத்துத் தலைவர் சவரிமுத்து ஊதுபத்தியும் கையுமாக எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். ஆயுத பூஜையும் தவறாதவர். கேட்டால் "இன்ஜினுக்கு மதம் ஏதுப்பா?" என்பார்.

"பூசணிக்காய் இல்லாம படைக்கறது முறையில்ல. நான் போயி வேற வாங்கியாறேன்" என்று டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு தூறலிலேயே மரக்காணம் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

அவர் போனதுதான் தாமதம், பிரபாகரன் கம்ப்யூட்டர் முன்னால் போய் விழுந்தான். மவுசை அமுக்கினான். திரையில் ஒரு வெள்ளைப் புறா சிறகை விரித்தது... சட்டென்று காணாமல் போனது. மறுபடி அமுக்கினான். விரித்தது... காணோம். மறுபடி.

பூவிழி தலையைத் துவட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பாள்?

"எத்தனை தடவை அமுக்குனாலும் அது அதையேதான் செய்யும்."

அவன் திரும்பாமலே கேட்டான். "கம்ப்யூட்டர் தெரியுமா உங்களுக்கு?"

"கொஞ்சம்."

அந்தக் கொஞ்சத்துக்குத்தான் சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்பினான். இப்போது முறைப்பு இல்லை. கெஞ்சல் இருந்தது. "இது புறா. மெசேஜ் அனுப்புற புரோகிராம். இதுல ஒரு வரி அடிச்சா எங்க ஆளுங்க எல்லாரோட போனுக்கும் போயிடும், பட்டன் போனா இருந்தாலும். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நேத்து என்ன பண்ணீங்க?"

பிரபாகரன் தயங்கினான். சின்னப்பாப்பா அவனுக்காகப் பதில் சொன்னாள். "பூசைன்னா எல்லாத்தையும் சர்வீஸ் பண்ணணும்ல? இன்ஜினுக்கு ஆயில் மாத்தினான். லாரிக்குக் காத்து அடிச்சான். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு..."

"ஆல் அப்கிரேடுன்னு ஒரு பட்டன் இருந்துச்சு" என்றான் அவன், தலையைக் குனிந்தபடி. "அமுக்கிட்டேன்."

பூவிழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை சர்வீஸ்! உதட்டைக் கடித்து அடக்கினாள். அடக்கியது கண்ணில் தெரிந்துவிட்டது. அவனுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது... ஆனால் வந்த வேகத்தில் போய்விட்டது.

"வெளிய பாருங்க" என்றான்.

ஜன்னலுக்கு வெளியே, பாத்திகளின் ஓரமாக, உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. இந்த வருஷத்தின் கடைசி வாரல். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த பாத்திகள் அவை. நாளை மறுநாள் மூடிக்கொள்ளலாம் என்று கீற்றும் தார்ப்பாயும் அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் வானிலை அறிக்கை மாறிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் கனமழை. லீவு நாளில் ஆட்கள் அவரவர் ஊரில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில். அவன் போனில் இருந்த பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். பாதிப் பேர் எடுக்கவில்லை. மற்ற நம்பரெல்லாம் புறாவுக்குள்ளே.

"பேப்பர்ல எழுதி வைக்கலாம்னு இவங்க எல்லாம் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்... புறா பாத்துக்கும்னு நான்தான் சொன்னேன். அம்பாரம் கரைஞ்சா இவங்க தீபாவளியே கரைஞ்சிடும்ங்க."

அவன் குரல் உடையவில்லை. உடையாமல் பார்த்துக்கொண்டான். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"எழுந்திருங்க" என்றாள்.

அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். விபூதிப் பட்டையைத் துடைக்கலாமா என்று சின்னப்பாப்பாவைப் பார்த்தாள். "நடுப்பட்டையை மட்டும் தொடைச்சிக்கோ" என்று அனுமதி கிடைத்தது.

"பூசை முடிஞ்சிட்டா நாளைக்குக் காலம்பற வரைக்கும் இதைத் தொட விடமாட்டாரு தலைவர். ஆயுதத்துக்கு ஓய்வாம். பூசணிக்காய் வர்ற வரைக்கும்தான் டைம்" என்றான் பிரபாகரன்.

"அப்போ பூசணிக்காயை உடைச்சதுக்கு எனக்குத் தேங்க்ஸ் சொல்லணும் நீங்க."

"சரியாகட்டும்... சொல்றேன்."

புறாவை மவுசால் திறக்காமல், கறுப்புத் திரையில் பெயரைத் தட்டித் திறந்தாள். அப்படித் திறந்தால் சாகும்போது என்ன சொல்லிவிட்டுச் சாகிறது என்று தெரியும். வரிகள் மடமடவென்று ஓடின. நின்றன. கடைசி வரியைப் படித்தாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

எழுத்தாணி. புறா விழுந்த இடம் எழுத்தாணிக்குள்.

திரையில் தமிழ் எழுத்துகளைச் சரியாக வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன லைப்ரரி அது. புறாவைப் போலப் பல புரோகிராம்கள் அதைப் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும். அதை எழுதியது யார்? ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கண் விழித்து, ஒரு பைசா வாங்காமல், 'அலை' என்ற புனைபெயரில் எழுதியது இதோ இந்தப் பூவிழிதான். போன வாரம், பழைய பகுதிகளை இனி யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று நறுக்கித் தூக்கிப் போட்டவளும் இவள்தான். புறா அந்தப் பழைய பகுதியைத் தேடிப் போய், அது இல்லாமல், குப்புற விழுந்துகொண்டிருக்கிறது.

"என்னாச்சும்மா, லைப்ரரின்னு போட்டிருக்குது, புத்தகம் எதனா காணாமப் போச்சா?" என்றாள் சின்னப்பாப்பா, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"புத்தகம் இல்லீங்க. தெருவுக்கே பொதுவா ஒரு ஆட்டுக்கல் இருக்குன்னு வச்சிக்குங்க. திடீர்னு கல்லை மாத்திட்டாங்க. உங்க வீட்டுக் குழவி அதுக்குள்ள உக்கார மாட்டேங்குது."

"சொல்லாம எவன் மாத்தினான்?"

பிரபாகரன் சொன்னான். "அலைன்னு ஒரு ஆளு. ராத்திரி எல்லாம் முழிச்சிருந்து, எல்லாரும் படிக்கிற பக்கத்துலயே எழுதிக் கேட்டேங்க. இதை நம்பி ஆளுங்க இருக்காங்க, ஒரு வழி சொல்லுங்கன்னு. காலையில பதில் வந்துச்சு, ஒரே வரி. 'பழைய மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்.' தலைக்கனம் புடிச்சவன்..."

பூவிழிக்குக் காது மடல் சுட்டது. விடியற்காலை பஸ் ஸ்டாண்டில், காபி ஆறிப்போன கோபத்தில், யாரோ ஒருவருடைய நீளமான கேள்வியின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு அவள் தட்டிவிட்ட பதில் அது. அந்த யாரோ இந்தச் சிவந்த கண்களா? கடவுளே... சொல்லிவிடு, என்றது மனசு. முதலில் சரி பண்ணு, அப்புறம் சொல், என்றது அதே மனசு. இரண்டாவது யோசனை கொஞ்சம் வசதியாக இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டாள்.

"பழைய எழுத்தாணியைத் திரும்பப் போட்டா போதும். அது இந்த கம்ப்யூட்டர்லயே ஒரு மூலையில இருக்கும்."

"இருக்காதுங்க" என்றான் அவன் மெதுவாக.

"ஏன்?"

"பூசைக்குச் சுத்தம் பண்ணும்போது... மூலையில இருந்த குப்பை எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

இந்த முறை அவளால் முடியவில்லை. மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். சின்னப்பாப்பா சிரித்தாள். எதற்கென்று சரியாகத் தெரியாமல் பிரபாகரனும் சிரித்தான். மழையில் கழுவிய கண்கள் சிரிக்கும்போது இவ்வளவு பளபளக்குமா என்று, நாற்பது குடும்பத்துக் கவலைக்கு நடுவிலும், அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது.

துப்பட்டாவை அவிழ்த்து லேப்டாப்பை எடுத்தாள். பழைய எழுத்தாணி அதில் பத்திரமாக இருந்தது.

"உங்ககிட்ட எப்படிங்க இருக்குது?"

"வேலை விஷயமா... வச்சிருந்தேன்."

பென்டிரைவில் மாற்றினாள். புதியதை நீக்கினாள். பழையதை ஏற்றினாள். கம்ப்யூட்டர் முனகியது. உப்புக் காற்றில் துருவேறிய விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது. பூசணிக்காயோடு சவரிமுத்து.

"போதும் எழுந்திரும்மா. நேரமாவுது, படைக்கணும்."

"ஐயா, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்."

தலைவர் அவளைப் பார்த்தார். வடக்கே கறுத்துக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புறா சிறகை விரித்தது.

நாலு பேரும் திரையையே பார்த்தார்கள். புறா மறையவில்லை. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து உட்கார்ந்தன. அந்தோணியம்மாள், சுரேஷ், ரேகா, சின்னப்பாப்பா...

"போய்ச் சேருதான்னு தெரியணும்ல" என்று தன் நம்பரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டாள் பூவிழி. பிரபாகரன் நின்றபடியே தட்டினான். 'மழை வருது. உப்பு மூடணும். இருக்கிறவங்க உடனே வாங்க.' அமுக்கினான். அவளுடைய போன் கிணுகிணுத்தது. சின்னப்பாப்பாவின் இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனும் கிணுகிணுத்தது.

"மறுபடியும் அப்கிரேடு பண்ணா இதே கதைதான். அதனால எழுத்தாணியை மட்டும் பூட்டி வச்சிருக்கேன். நீங்களா தொறக்காம அது மாறாது" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். சைக்கிளில் வந்தார்கள், பைக்கில் வந்தார்கள், ஒரு ஷேர் ஆட்டோ முழுக்க வந்தார்கள். புதுப்புடவைக் கொசுவத்தை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு பெண்கள் கீற்றைத் தூக்கினார்கள். பூவிழியை யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் இறங்கினாள். தார்ப்பாயின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை பிரபாகரன் கையில். காற்று நடுவில் புகுந்து இருவரையும் ஒருவர் பக்கம் ஒருவர் இழுத்தது.

செருப்பு சேற்றில் போய்விட்டது. பாதத்தில் எங்கோ ஒரு கீறல்... உப்பு பட்டதும் சுள்ளென்றது. முகத்தைச் சுளித்ததை அவன் பார்த்துவிட்டான். தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"உங்களுக்கு?"

"எனக்கு உப்பு பழக்கம்."

பூட்ஸ் அவளுக்கு இரண்டு மடங்கு பெரியது. போட்டுக்கொண்டு வாத்து போல நடந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சமீபத்தில் எங்கேயும் நடந்ததில்லை.

கடைசி அம்பாரத்தின் மேல் கடைசிக் கல்லை வைத்ததும் மழை கொட்டியது. எல்லோரும் கூச்சல் போட்டபடி ஆபீஸுக்குள் ஓடினார்கள். பூஜை நடந்தது. பூசணிக்காய் முறைப்படி உடைந்தது. பொரியும் கடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கைக்குக் கை போயின.

பெஞ்சில் அவள் பக்கத்தில் பிரபாகரன் வந்து உட்கார்ந்தான். "தேங்க்ஸ்" என்றான். "பூசணிக்காய்க்கு."

அவள் சிரித்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்... அதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான். "இருங்க, அந்த அலைக்கு ஒரு பதில் போட்டுடறேன். 'நீங்க அழாதேன்னு சொன்னீங்க. ஒரு பொண்ணு மழையில நனைஞ்சு வந்து சரி பண்ணிட்டுப் போனாங்க.' இது போதும், இல்லீங்க?"

"வேணாம்..." என்றாள் அவள்.

அவன் அமுக்கிவிட்டான். பெஞ்சின் மேல் அவள் வைத்திருந்த போன் வெளிச்சமானது. 'அலை, உங்களுக்கு ஒரு பதில்.'

அவன் அதைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். "நீங்களா?"

"நான்தான்."

"நான் திட்டினப்ப எல்லாம் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை போதும். எல்லோரும் பார்ப்பது போலத் தோன்றவும், வேறு ஒன்று முந்திக்கொண்டு வந்தது. "ராத்திரி பகல் பாக்காம, சம்பளம் இல்லாம பண்றேங்க இதை. ஒரு வரி கடுமையா எழுதினது அவ்வளவு குத்தமா?"

"குத்தம் இல்லீங்க" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை, அதுதான் வலித்தது. "உங்களுக்கு அது ஒரு வரி. எங்களுக்கு..." ஜன்னலுக்கு வெளியே பார்த்தவன் முடிக்கவில்லை.

சாலையில் ஹாரன் கேட்டது. பாண்டிச்சேரி பஸ். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் ஏறிக்கொண்டாள். கீழ்புத்துப்பட்டில் இறங்கும் வரை ஜன்னலோரம் மழை பெய்துகொண்டே இருந்தது. நல்லவேளை... கண்ணைத் துடைத்தபோது யாரும் ஏனென்று கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பினாள். வேலையில் மனசு ஒட்டவில்லை. அப்போதுதான் ஒருநாள் காலையில் போன் கிணுகிணுத்தது.

'நாளைக்கு லாரி வருது. எட்டு ஆள் வேணும்.'

புறா! அவள் நம்பரை வரிசையிலிருந்து அவன் நீக்கவே இல்லை. மறந்திருப்பான் என்று நினைத்தாள். மறந்திருக்கக் கூடாதே என்று சாமியையும் வேண்டிக்கொண்டாள்.

மறுநாள்: 'பாத்தியெல்லாம் தண்ணி. வேலை இல்லை. எல்லாரும் ரெஸ்ட் எடுங்க.' அதற்கு இரண்டு நாள் கழித்து: 'நேத்து மழையிலயும் அம்பாரம் கரையலை. மூடி வச்சவங்க எல்லாருக்கும் நன்றி.' அந்த 'எல்லாருக்கும்' என்ற வார்த்தையை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள்.

பிறகு ஒருநாள், சென்னையில் பேய்மழை பெய்த நாள். 'எல்லாரும் பத்திரமா இருங்க. சென்னையில இருக்கறவங்க குடை எடுத்துட்டுப் போங்க.'

பூவிழி ஆபீஸ் லிஃப்ட்டில் நின்றபடி அதைப் படித்தாள். தரைத்தளம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, லிஃப்ட் மறுபடி மேலே போனது. அவள் உள்ளேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே எழுத்தாணியைத் திறந்து வைத்துக்கொண்டாள். வெட்டிப் போட்ட பழைய பகுதியை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். புதியதும் ஓட வேண்டும், பழையதும் விழக் கூடாது. வெட்டியதைவிட ஒட்டுவது பத்து மடங்கு வேலை. முடிந்த அன்று, உலகம் முழுக்க எழுத்தாணி பயன்படுத்துகிறவர்கள் படிக்கும் இடத்தில் எழுதினாள்: 'பழைய பகுதியை எடுத்தது என் தவறு. கேட்டவருக்கு நான் சொன்ன பதில் அதைவிடப் பெரிய தவறு.' கீழே அலை என்று போடவில்லை. முதல் தடவையாக, பூவிழி என்று போட்டாள்.

பதில் அங்கே வரவில்லை. புறாவில் வந்தது. 'எழுத்தாணி புதுசு வந்திருக்குது. பூட்டைத் தொறந்து அப்கிரேடு பண்ணலாமா வேணாமான்னு தெரியலை. தெரிஞ்சவங்க நேர்ல வந்து சொன்னா நல்லாருக்கும்.'

நாற்பது குடும்பத்தில் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் பாவம்! சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவளே கிளம்பிவிட்டாள்.

மழை ஓய்ந்து வெயில் வந்திருந்தது. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் முழுக்க விழுந்து கிடந்தது. ஆபீஸ் வாசலில் சின்னப்பாப்பா அவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வந்தியா? என் போனுக்கு மெசேஜ் வருதும்மா, சென்னையில குடை எடுத்துட்டுப் போன்னு. நான் எந்தக் காலத்துல சென்னைக்குப் போனேன்? இந்த அந்தோணியம்மா என்னடான்னா, தலைவர் நம்மள மெட்ராசுக்கு வேலைக்கு அனுப்பப் போறாருன்னு துணியெல்லாம் எடுத்து வச்சிட்டா. தனியா ஒரு போன் போட்டுப் பேசுடான்னா, எப்படிப் பேசறதுங்கறான். போ, உள்ளதான் உக்காந்திருக்கான்."

உள்ளே பிரபாகரன் எழுந்து நின்றான். உட்காரச் சொல்ல மறந்துபோனான். அவளும் உட்கார மறந்துபோனாள்.

"நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். ஊருக்கே தெரியற மாதிரி எழுதணுமாங்க? எனக்கு ஒருத்தனுக்குச் சொல்லியிருந்தா போதுமே."

"கடுமையா சொன்னதை ஊருக்கே தெரியற மாதிரிதானே சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ரோஷம்... விடலை."

"எனக்கு மட்டும் இல்லையா ரோஷம்? பஸ்ஸு வாசல்லதான் நின்னுச்சு. எட்டி ரெண்டு அடி வச்சிருந்தா நிறுத்தியிருப்பேன். வெறுங்காலோட போனீங்க... ராத்திரி எல்லாம் அதுவே நெனப்பா இருந்துச்சு."

பேச்சை மாற்ற, கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து எழுத்தாணியின் பூட்டைத் தட்டித் திறந்தாள். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க. பூட்டைத் தொறந்துட்டேன். அப்கிரேடு பட்டனை நீங்கதான் அமுக்கணும்."

அவன் உட்கார்ந்தான். மவுசைத் தொட்டான். எடுத்துவிட்டான்.

"பயமா?"

"பயம்தாங்க."

"இந்தத் தடவை உடையாது. நாலு தடவை பாத்துட்டேன். என்னை நம்பி அமுக்கலாம்."

"உங்களை நம்பறேன். அதுல சந்தேகமே இல்ல. ஆனா..." அவன் திரையையே பார்த்துக்கொண்டு பேசினான். "உடைஞ்சா நீங்க வந்து சரி பண்ணுவீங்க. உடையலன்னா இங்க உங்களுக்கு என்ன வேலை இருக்குது? பஸ் ஏறிடுவீங்க. அதான்... அமுக்க மனசு வரலை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து போனார்கள். அவள் அவன் கையை எடுத்து மவுசின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"உடையலன்னாலும் வருவேன்" என்றாள்.

அவன் திரும்பினான். அந்தப் பெரிய கண்கள் இன்று சிவக்கவில்லை. கலங்கி மட்டும் இருந்தன. "எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றான். "மெசேஜா அடிச்சு அடிச்சு அழிச்சேன். வாயால சொல்றது ஈசியா இருக்குது."

"எனக்கும்தான். குடை எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களே... அன்னிக்கே."

இரண்டு கைகளும் சேர்ந்து பட்டனை அமுக்கின. அதற்கப்புறம் திரையில் என்ன நடந்தது என்று அவர்கள் இருவரும் பார்க்கவே இல்லை. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த சின்னப்பாப்பாதான், இருமி, இன்னொரு தடவை இருமி, கடைசியில் சொன்னாள்.

"பிரபா... புறா தொறந்து ரொம்ப நேரமாச்சுப்பா."